எலக்ட்ரோலைசர் சந்தையில் அந்த 0.1 வோல்ட்

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசரை இந்தியாவில் செய்து விற்க முடியுமா என்ற பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், இரண்டாவது நிமிஷத்தில் சீன விலையில் வந்து நிற்கும். ஆல்கலைன் வகை (காரக் கரைசலில் ஓடும்) மெஷின் சீனாவுக்குள் கிலோவாட்டுக்குச் சுமார் 200 முதல் 300 டாலருக்குக் கிடைக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க மெஷின்களுக்கு அதைப்போல மூன்று நான்கு மடங்கு கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் "நமக்கு இது ஒத்துவராது" என்று கையை உதறுகிறவர்களும் உண்டு, "இறக்குமதி வரியைப் போட்டால் சரியாகிவிடும்" என்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு தரப்பும் பார்க்கத் தவறும் எண் ஒன்று இருக்கிறது: ஒரு செல் (மெஷினுக்குள் தண்ணீர் பிரியும் ஒற்றை அறை) எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது என்பது.

கணக்கு எளிது. ஒரு கிலோ ஹைட்ரஜன் வர வேண்டுமானால் செல்களின் வழியே மொத்தம் சுமார் 26,590 ஆம்பியர்-மணி போக வேண்டும். இது ஃபாரடே விதி, இதில் பேரம் பேச இடமில்லை. பேரம் பேச இடமிருப்பது வோல்ட்டில்தான். செல் 1.8 வோல்ட்டில் ஓடினால் கிலோவுக்கு 47.9 யூனிட் மின்சாரம். 1.9 வோல்ட் என்றால் 50.5. இரண்டு வோல்ட்டைத் தொட்டால் 53.2. அதாவது 0.1 வோல்ட்டுக்கு 2.66 யூனிட். யூனிட் 4 ரூபாய் என்று வைத்தால் கிலோவுக்குப் பத்தரை ரூபாய் போகிறது.

இதையே கிலோவாட் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். வருஷத்துக்கு 5,000 மணி நேரம் ஓடும் ஆலையில் ஒரு கிலோவாட் திறன் ஏறக்குறைய 100 கிலோ ஹைட்ரஜன் தரும். 0.1 வோல்ட் குறைவாக ஓடும் மெஷின் அதில் 266 யூனிட்டை, அதாவது ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை, வருஷா வருஷம் மிச்சப்படுத்துகிறது. இப்போது அரசு ஊக்கத்தொகையைப் பக்கத்தில் வையுங்கள். 2023 ஜனவரியில் அறிவித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் 19,744 கோடியில், எலக்ட்ரோலைசர் உற்பத்திக்கு ஒதுக்கியது 4,440 கோடி. தயாரிப்பாளருக்கு முதல் ஆண்டில் கிலோவாட்டுக்கு 4,440 ரூபாய் கிடைக்கும் (எண் ஒன்றாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அது கோடி, இது ரூபாய்). ஆண்டுக்காண்டு அது இறங்கி ஐந்தாம் ஆண்டில் 1,480 ரூபாயில் நிற்கும். முதல் ஆண்டு ஊக்கத்தொகை நான்கு வருஷத்து 0.1 வோல்ட்டுக்குச் சமம். ஐந்தாம் ஆண்டுத் தொகை ஒன்றரை வருஷத்துக்குக்கூடத் தாங்காது. ஊக்கத்தொகை தீர்ந்த பிறகும் மெஷின் பதினைந்து, இருபது வருஷம் ஓட வேண்டும்.

அந்த 0.1 வோல்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிய ஸ்டாக்கை, அதாவது செல்களின் அடுக்கை, பிரித்துப் பார்க்க வேண்டும். சீனச் சந்தையின் வாடிக்கையான அளவு மணிக்கு 1,000 கனமீட்டர் ஹைட்ரஜன் தரும் 5 மெகாவாட் ஸ்டாக். தோராயமாக 300 செல்கள் வரிசையாக அடுக்கி, இரண்டு பக்கமும் கனமான எண்ட் பிளேட் வைத்து, நீளமான டை ராடால் இறுக்கியது. செல்லுக்கு 1.85 வோல்ட் என்றால் மொத்தம் 555 வோல்ட், மின்னோட்டம் 9,000 ஆம்பியர். சதுர சென்டிமீட்டருக்கு 0.35 ஆம்பியர் ஓட்டினால் தகட்டின் விட்டம் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் வரும். அதே வோல்ட்டில் 0.7 ஆம்பியர் ஓட்ட முடிந்தால் பாதிச் செல்கள் போதும். தகடு பாதி, கேஸ்கெட் பாதி, டயஃப்ரம் (இரண்டு வாயுவும் கலக்காமல் நடுவில் நிற்கும் தடுப்பு) பாதி. ஆகவே நல்ல எலக்ட்ரோடு (வாயு பிறக்கும் மின்முனை) வைத்திருப்பவனுக்கு இரண்டு வழி: மின்சாரத்தை மிச்சப்படுத்தித் தரலாம், அல்லது இரும்பை மிச்சப்படுத்தி விலையைக் குறைக்கலாம். இரண்டும் இல்லாதவன் கூலியைக் குறைத்துத்தான் போட்டி போட வேண்டும். அந்தப் போட்டியில் சீனாவை ஜெயிப்பது நடக்காத காரியம்.

நிக்கல் முலாமில் இருந்து தொடங்கலாம், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் பிரிக்கும் பைபோலார் தகடு கார்பன் ஸ்டீல். அதன் மேல் 30 முதல் 50 மைக்ரான் நிக்கல். உள்ளே 30 சதவீதக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசல், தொழிற்சாலைப் பேச்சில் 'லை', 80 டிகிரியில் ஓடுகிறது. ஆனோடு பக்கம் ஆக்சிஜன் வேறு. முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அடியில் இருக்கும் இரும்பு அரிக்கத் தொடங்கும். அந்த இரும்பு லையில் கலந்து சுற்றி வந்து கேத்தோடில் (ஹைட்ரஜன் வரும் மின்முனை) படியும், டயஃப்ரத்தின் துளைகளில் ஏறும். ஆறு மாதம் கழித்து வோல்ட் ஏறுகிறது என்று புகார் வரும்போது ஓட்டை எந்தத் தகட்டில் என்று யாருக்கும் தெரியாது.

ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பழைய முறையே போதும். உப்பும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கரைத்த நீரில் ஃபில்டர் பேப்பரை நனைத்து, முலாம் போட்ட தகட்டில் குமிழ் இல்லாமல் ஒட்டி, பத்து நிமிஷம் விட்டு எடுத்தால் இரும்பு வெளியே தெரியும் இடத்திலெல்லாம் நீலப் புள்ளி விழும். முதலில் பார்க்க வேண்டியது லை போகும் துவாரங்களின் விளிம்பும் காடி வெட்டிய மூலைகளும். அங்கேதான் புள்ளி அதிகம் விழும். தகட்டின் நடுவில் சிதறலாக விழுந்தால் கோளாறு தொட்டியில்: எண்ணெய்ப் பிசுக்கு சரியாகப் போகவில்லை, அல்லது முலாம் ஏறும்போது ஹைட்ரஜன் குமிழ் தகட்டில் ஒட்டி நின்றிருக்கிறது. தொட்டியைத் தொடர்ந்து ஃபில்டர் செய்து, கரைசலைக் கலக்கிக்கொண்டே இருந்து, வெட்டிங் ஏஜெண்டின் அளவைத் தினமும் பார்த்தால் இது அடங்கும். 1.8 மீட்டர் வட்டத் தகட்டில் இன்னொரு தொல்லை, மின்னோட்டம் ஓரத்தில் குவிவது. ஓரத்தில் 60 மைக்ரான் ஏறியிருக்கும்போது நடுவில் 25தான் இருக்கும். ஓரத்தை மறைக்கும் ஷீல்டு வைக்காமல் சராசரித் தடிமனை மட்டும் சான்றிதழில் எழுதிக் கொடுக்கும் முலாம் பட்டறையிடம் கவனமாக இருக்க வேண்டும்.

இதில் கஞ்சத்தனம் எவ்வளவு வீண் என்பதற்கு ஒரு கணக்கு. 300 தகடு, இரண்டு முகம், ஒவ்வொன்றும் 2.5 சதுர மீட்டர். 40 மைக்ரானுக்கு ஐந்நூற்று முப்பது கிலோ நிக்கல் வேண்டும். அதில் 10 மைக்ரானைக் குறைத்தால் மிச்சம் சுமார் 130 கிலோ. கிலோ 15 டாலர் என்றால் 2,000 டாலர். கிலோவாட் 250 டாலர் என்று விற்றாலும் 5 மெகாவாட் மெஷினின் விலை பன்னிரண்டரை லட்சம் டாலர். அந்த 2,000 டாலருக்காக மெஷினின் ஆயுளைப் பணயம் வைப்பது எந்த வகை வியாபாரம்?

எலக்ட்ரோடுக்கு வருவோம். வெறும் நிக்கல் வலை மலிவு, ஆனால் வோல்ட்டை விழுங்கும். ரானே நிக்கல் பூச்சில் நிக்கல்-அலுமினியப் பொடியைப் பிளாஸ்மா ஸ்பிரேயில் அடித்து, பிறகு காரத்தில் ஊறவைத்து அலுமினியத்தைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது கடற்பஞ்சு போன்ற நிக்கல். மேற்பரப்பு பல மடங்கு பெருகிவிடும். காய விட்டால் காற்றிலேயே சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடியது, அதனால் ஊறவைத்த பிறகு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். பல ஆலைகள் அலுமினியத்தைக் கரைக்கும் வேலையை ஸ்டாக்கை அடுக்கிய பிறகு உள்ளேயே செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்தப் பூச்சைக் கெடுக்கும் எதிரி ஆலையில் இல்லை, நிறுத்தும் ஸ்விட்ச்சில் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தியதும், தகடுகளை இணைக்கும் லை குழாய்கள் வழியே கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் மின்னோட்டம் ஓடும். கேத்தோடில் இருக்கும் நிக்கல் ஹைட்ராக்சைடாக மாறும். மறுபடி ஓட்டும்போது திரும்ப நிக்கலாகும். இப்படி மாறி மாறிப் பூச்சு விரிசல் விட்டு உதிரும். வருஷத்துக்கு இரண்டு முறை நிறுத்தும் காஸ்டிக் ஆலையில் இது பெரிய விஷயமில்லை. சூரிய மின்சாரத்தில் ஓடும் ஆலை வருஷத்துக்கு 365 முறை நிற்கும். நின்றிருக்கும் நேரத்தில் சிறிய ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் கருவி) ஒன்றால் கொஞ்சம் மின்னோட்டம் கொடுத்துக்கொண்டே இருப்பது ஒரு வழி, எதிர் மின்னோட்டத்தை உறிஞ்சும் அடுக்கை எலக்ட்ரோடிலேயே வைப்பது இன்னொரு வழி. விலைப்பட்டியலில் இந்தச் சிறிய ரெக்டிஃபையர் இருக்கிறதா என்று பார்த்தாலே தயாரிப்பாளர் சூரிய ஆலையை நினைத்து மெஷின் செய்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

டயஃப்ரத்தில் சீனர்களின் வழக்கம் பாலிஃபினிலீன் சல்ஃபைடு துணி. பெல்ஜியத்தின் அக்ஃபா நிறுவனம் தரும் ஸிர்ஃபான், ஸிர்கோனியாவும் பாலிசல்ஃபோனும் கலந்த 500 மைக்ரான் தாள். அதில் 220 மைக்ரான் ரகமும் வந்துவிட்டது. 500 மைக்ரான் ரகத்தின் மின்தடை 30 டிகிரியில் சதுர சென்டிமீட்டர் கணக்கில் சுமார் 0.3 ஓம். 0.35 ஆம்பியருக்கு அது 0.1 வோல்ட் (80 டிகிரியில் இதைவிடக் குறையும்). தலைப்பில் இருக்கும் வோல்ட் முழுவதும் இந்த ஒரு தாளில் இருக்கிறது. தாளை மெல்லியதாக்கினால் வோல்ட் இறங்கும், வாயு கசிவது ஏறும். அடுக்கும்போது மடிப்பு விழுந்த தாளை "பரவாயில்லை, உள்ளே போனால் சரியாகிவிடும்" என்று வைத்தால் அந்தச் செல் முழு ஸ்டாக்கையும் நிறுத்தும்.

ஆக்சிஜனுக்குள் ஹைட்ரஜன் போவதுதான் இந்தத் தொழிலின் பெரிய பயம். 4 சதவீதம் வந்தால் பற்றும் எல்லை, 2 சதவீதத்தில் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். கசிந்து கலக்கும் ஹைட்ரஜனின் அளவு லோடைப் பொறுத்துப் பெரிதாக மாறாது, ஆனால் ஆக்சிஜன் உற்பத்தி லோடோடு சேர்ந்து இறங்கும். முழு லோடில் 0.5 சதவீதம் காட்டும் மெஷின் கால் லோடில் 2 சதவீதத்துக்கு வந்து நின்றுவிடுவது இதனால்தான். சீனாவின் கூச்சாவில் 2023இல் தொடங்கிய 260 மெகாவாட் சைனோபெக் ஆலையில் 5 மெகாவாட் மெஷின்கள் 52 இருக்கின்றன. அங்கே லோடு பாதிக்குக் கீழே இறங்கும்போது பாதுகாப்பாக ஓட்டுவதில் சிக்கல் இருப்பதாகச் செய்திகள் வெளிவந்தன. மலிவான மெஷினைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆலையை முதலில் கட்டியவர்களுக்குத்தான் அந்தப் பாடமும் முதலில் கிடைத்திருக்கிறது, அடுத்த மாடலில் அவர்கள் அதைத் திருத்துவார்கள். நாம் கற்றுக்கொள்ள அப்படி ஒரு ஆலையே இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் கவலை.

குறைந்த லோடை வடிவமைப்பில் சமாளிக்க இடம் இருக்கிறது. லோடு இறங்கும்போது அழுத்தத்தையும் லை ஓட்டத்தையும் சேர்த்து இறக்கலாம். ஹைட்ரஜன் பக்க லையையும் ஆக்சிஜன் பக்க லையையும் கலக்காமல் கொஞ்ச நேரம் தனித்தனியாகச் சுற்ற விடலாம் (ரொம்ப நேரம் விட்டால் ஒரு பக்கம் கெட்டியாகி மறுபக்கம் நீர்த்துவிடும்). எல்லாவற்றையும்விட எளிது, நான்கு ஸ்டாக்கைக் கால் லோடில் ஓட்டாமல் ஒன்றை முழு லோடில் ஓட்டி மற்ற மூன்றைச் சூடாக வைத்திருப்பது. இது மென்பொருள் வேலை. இதற்கு ஆள் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி ஆலைக்குள். 300 செல் அடுக்கில் ஒன்று கெட்டாலும் முழுதையும் பிரிக்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு செல்தான் பழுது என்று பெருமையாகச் சொல்லும் ஆலையில், நூறு ஸ்டாக்கில் 26 ஸ்டாக்கிலாவது ஒரு பழுதான செல் இருக்கும். நூற்றில் ஒன்று என்றால் 95 ஸ்டாக். கார் பாகங்கள் செய்து பழகிய ஓசூர், கோவைப் பட்டறைகளுக்கு 'பத்து லட்சத்தில் எத்தனை பழுது' என்ற பேச்சு புதிதில்லை. அந்தப் பழக்கம்தான் இங்கே காசு, வெறும் லேத் மெஷின் இல்லை.

அடுக்கி முடித்ததும் இறுக்குவதிலும் அவசரம் கூடாது. டை ராடுகளை எதிரெதிராக, 25, 50, 75, 100 சதவீதம் என்று நான்கு சுற்றில் இறுக்க வேண்டும். டெஃப்லான் கேஸ்கெட் அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழியும், அதனால் இன்று வைத்த இறுக்கம் நாளை இருக்காது. டிஸ்க் ஸ்பிரிங் வைக்காத ஸ்டாக் இரண்டு மூன்று முறை சூடாகிக் குளிர்ந்ததும் லையை வியர்க்கத் தொடங்கும். முதல் முறை சூடாக்கி இறக்கிய பிறகு மறுபடி டார்க் (இறுக்கத்தின் அளவு) பார்ப்பதைக் கமிஷனிங் பட்டியலில் எழுதியே வைக்க வேண்டும்.

பரிசோதனைச் செலவை ஆரம்பத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 5 மெகாவாட் ஸ்டாக்கை 24 மணி நேரம் முழு லோடில் ஓட்டினால் 1,20,000 யூனிட். யூனிட் 8 ரூபாய்க்கு ஒன்பதரை லட்சம் ரூபாய். அத்தனை ஹைட்ரஜனை வாங்க ஆள் இல்லாவிட்டால் காற்றில் விட வேண்டியதுதான். இதற்கு நடைமுறை வழி: எல்லா ஸ்டாக்குக்கும் ஹைட்ராலிக், ஹீலியம் கசிவுச் சோதனை. ஒவ்வொரு எலக்ட்ரோடு பேட்சிலிருந்தும் பத்து செல் எடுத்து அதே 9,000 ஆம்பியரில் ஓட்டுவது, அதற்கு 170 கிலோவாட்டுக்குள் போதும். முழு ஸ்டாக்கை முழு லோடில் ஓட்டுவது சிலதற்கு மட்டும். பரிசோதனைக் கூடத்தை ஹைட்ரஜன் தேவைப்படும் ஆலையின் வேலியை ஒட்டி வைத்தால் அந்த வாயுவுக்கும் விலை கிடைக்கும். ஹசீராவில் எல் அண்ட் டி தன் முதல் 1 மெகாவாட் மெஷினைத் தன் சொந்த ஹைட்ரஜன் ஆலையிலேயே வைத்தது இந்தக் கோணத்தில் புத்திசாலித்தனம்.

காரக் கரைசலுக்குப் பதில் மெல்லிய பாலிமர் சவ்வை வைக்கும் பெம் வகையைப் பற்றிச் சுருக்கமாக. பெங்களூரை ஒட்டி ஓமியம் நிறுவனம் இதைச் செய்கிறது. இடம் குறைவு, லோடு ஏற்ற இறக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் ஆனோடுக்கு இரிடியம் வேண்டும். உலகில் வருஷத்துக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கிறது, பெரும்பாலும் தென் ஆப்பிரிக்காவில் பிளாட்டினத்தின் உபபொருளாக. மெகாவாட்டுக்கு 400 கிராம் என்றால் 1 கிகாவாட்டுக்கு 400 கிலோ, உலக உற்பத்தியில் இருபதில் ஒரு பங்கு. இரிடியத்தைக் குறைக்கும் வித்தையும், பழைய ஸ்டாக்கிலிருந்து அதைத் திரும்ப எடுக்கும் ஏற்பாடும் இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது என்பது என் கட்சி.

தொழிற்சாலை கட்டிவிட்டால் போட்டியில் இருக்கிறோம் என்று நினைப்பதன் விலையை ஐரோப்பா கட்டிக்கொண்டிருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில் 2023 முடிவில் உலக எலக்ட்ரோலைசர் உற்பத்தித் திறன் வருஷத்துக்கு 25 கிகாவாட், அதில் 60 சதவீதம் சீனாவில். அந்த வருஷம் உண்மையில் உற்பத்தியானது 2.5 கிகாவாட். பத்தில் ஒரு பங்கு வேலை இருக்கும் தொழிலில் கடனுக்கு வட்டி கட்ட முடியாது. எலக்ட்ரோலைசர் நிறுவனங்களான பிரான்ஸின் மெக்ஃபி, டென்மார்க்கின் கிரீன் ஹைட்ரஜன் சிஸ்டம்ஸ் இரண்டும் 2025இல் விழுந்தன. ஹைட்ரஜன் திட்டங்களுக்கு ஏலம் விட்டு மானியம் தரும் ஐரோப்பிய ஹைட்ரஜன் வங்கியின் இரண்டாம் ஏலத்தில், சீனாவிலிருந்து வரும் ஸ்டாக் திறன் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டார்கள். அது சந்தையில் இடம் பிடித்துக் கொடுக்கும், வோல்ட்டை இறக்காது.

இந்தியாவுக்கு இது புதுத் தொழிலும் இல்லை. 1960களின் தொடக்கத்திலேயே பக்ரா அணையின் மின்சாரத்தில் நங்கல் உர ஆலை தண்ணீரைப் பிரித்து அமோனியா செய்தது. மின்சாரம் மலிவாக இருந்தவரை ஓடியது. காஸ்டிக் ஆலைகளுக்கு எலக்ட்ரோடு பூசித் தரும் டி நோரா நிறுவனம் கோவாவில் இருக்கிறது. மேட்டூரிலும் தூத்துக்குடிப் பக்கம் சாகுபுரத்திலும் காஸ்டிக் சோடா செய்யும் ஆலைகள் இருக்கின்றன. பல ஆயிரம் ஆம்பியர் ரெக்டிஃபையரோடும் காரத்தோடும் ஹைட்ரஜனோடும் பழகிய ஃபிட்டர்கள் அங்கே உண்டு. முலாமுக்கும் எலக்ட்ரோடுக்கும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். பம்ப்புக்கும் வால்வுக்கும் கோவை. இத்தனையும் இருந்தும் எண்ட் பிளேட்டையும் டேங்கையும் மட்டும் உள்ளூரில் செய்து, எலக்ட்ரோடையும் டயஃப்ரத்தையும் கப்பலில் வரவழைத்து 'உள்ளூர் மதிப்புக் கூட்டல்' சதவீதத்தை நிரப்பினால், வோல்ட் நம் கையில் இருக்காது.

கடைசியாக டெண்டர். "முழு லோடில் கிலோவுக்கு இத்தனை யூனிட்" என்ற ஒற்றை வரி உத்தரவாதம் மலிவான மெஷினுக்குச் சாதகம், புது மெஷினில் எல்லாருக்கும் வோல்ட் நன்றாகவே இருக்கும். மணிக்கு 3 மைக்ரோவோல்ட் ஏறும் செல் 40,000 மணியில் 0.12 வோல்ட் ஏறியிருக்கும். அதனால் உத்தரவாதத்தை முதல் நாள், 8,000 மணி, 40,000 மணி என்று மூன்று இடத்திலும், 100, 60, 30 சதவீத லோடிலும் கேட்க வேண்டும். ரெக்டிஃபையர், பம்ப், டிரையர் எல்லாவற்றையும் சேர்த்து மீட்டரில் அளக்க வேண்டும். 20 மெகாவாட் ஆலையில் கிலோவுக்கு ஒரு யூனிட் கூடினால் வருஷத்துக்கு 20 லட்சம் யூனிட், 80 லட்சம் ரூபாய். அபராதத்தை அந்த எண்ணில் எழுதச் சொல்லுங்கள். உள்ளூர்த் தயாரிப்பாளர் அதற்கு மேல் தர முடிந்த இன்னொன்றையும் விலைப்புள்ளியில் சேர்க்கலாம்: பதினைந்து உதிரிச் செல், ஒரு செட் கேஸ்கெட், ஸ்டாக்கைப் பிரித்து அடுக்கத் தெரிந்த நான்கு பேர், 48 மணி நேரத்தில் ஆலை வாசலில்.